ஒரு சங்கு ஒயின்

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு முனியப்பன் இருக்கிறார். கூரை கிடையாது. நாலு வேலும் ஒரு சூடக் கல்லும்தான். குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போவார்கள். விட நினைக்கிறவர்கள் என்று சொல்வது மரியாதைக்கு. பெரும்பாலும் பெண்டாட்டி ஒரு பக்கமும் மச்சான் ஒரு பக்கமுமாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். பூமாலை என்கிற பூசாரி சூடத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, வலது மணிக்கட்டில் கருப்புக் கயிறு கட்டிவிடுவார்.

கட்டியவன் இனி குடிக்கக் கூடாது என்பது சத்தியத்தில் பாதிதான். மறு பாதி வீட்டாருக்கு. கயிறு ஏறிய நாளிலிருந்து, அவன் முன்னே குடித்தவன் என்கிற பேச்சு அந்த வீட்டார் வாயிலிருந்து வரக் கூடாது. சண்டையில் வரக் கூடாது, சிரிப்பில் வரக் கூடாது, அடுத்தவர் கேட்டாலும் வரக் கூடாது. வந்தால் அந்த நிமிஷமே கயிறு செத்துப்போகும். முனியப்பன் கையை எடுத்துக்கொள்வார்.

கெட்ட ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. விட்டவனைக் குத்திக் காட்டிக்கொண்டே இருந்தால் அவன் திரும்ப அங்கேதான் போய் நிற்பான். மனுஷ சுபாவம் தெரிந்த யாரோ என்றைக்கோ யோசித்துச் செய்தது. அந்த நல்ல ஏற்பாட்டில்தான் பச்சையம்மாள் மாட்டிக்கொண்டாள்.

பச்சையம்மாள் நைனார்பாளையத்துப் பெண். கச்சிராயபாளையத்தில் சுப்புராயனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கோமுகி வாய்க்கால் தண்ணீரில் அவருக்குக் கரும்பு வெள்ளாமை. அரசாங்கமே சாராயக் கடை நடத்திய வருஷங்கள் அவை. ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வண்டி திரும்பும். மாடுகள் வழி தவறாமல் வந்து வாசலில் நிற்கும். வண்டியில் ஆள் இருக்க மாட்டார். அவள் முதலில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவாள், பிறகு புருஷனைத் தேடிப் போவாள். "மாட்டுக்கு இருக்கற புத்தி கூட..." என்று ஒருநாள் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. மேல்வரிசையில் பல் ஒன்று போயிற்று. கேட்டவர்களிடம் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். கயிறு வருவதற்கு முன்பே அவளுக்குப் பொய் பழகியிருந்தது.

மகன் அறிவுச்செல்வன் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒருநாள் அப்பா குப்புறக் கிடந்தார். பையன் கூட வந்தவர்களோடு பேசிக்கொண்டே, யாரோ கிடப்பதுபோல், சுற்றிக்கொண்டு போய்விட்டான். அதைப் பார்த்த ஒருத்தி வந்து பச்சையம்மாளிடம் சொன்னாள். அன்றைக்கே பச்சையம்மாள் தன் அண்ணனை வரவழைத்து, புருஷனை முனியப்பனிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

கயிறு பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்தது என்று அவளுக்கே தெரியாது. முதல் மாதம் உடம்பு தூக்கிப்போட்டது, வாந்தி எடுத்தார், சுவரைப் பார்த்து யாருடனோ பேசினார். பிறகு அடங்கிவிட்டார். அடங்கிய மனுஷன் நல்ல மனுஷனாக இருந்தார். அவள் தலைக்குக் குளித்தால் துண்டு எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு நல்லவர். இத்தனை வருஷமாக இந்த ஆள் எங்கே இருந்தார் என்று அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

தன் பாதிச் சத்தியத்தை அவள் வாயைத் தைத்துக்கொண்டதுபோல் காத்தாள். நாத்தனார் சின்னப்பொண்ணு ஒருமுறை விசேஷ வீட்டில், "எங்கண்ணன் அந்தக் காலத்துல வண்டிய வுட்டுட்டு..." என்று சிரிக்க ஆரம்பித்தபோது, குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"நாக்க உள்ள வெச்சுக்க. அடுத்த வார்த்த வந்துச்சுன்னா இந்தக் கரண்டி சூடா வாயிலதான் வுழும்."

"இன்னா அண்ணி, ஊருக்கே தெரிஞ்சதுதான?"

"ஊரு சொல்லட்டும். நீ அந்த வூட்டுப் பொண்ணு. நீ சொல்லாத."

இப்படி ஆறு வருஷம் ஓடியது. எண்பத்தேழு தை மாதம், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, சுப்புராயன் மாரைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

கள்ளக்குறிச்சிக்கு அப்போது புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். சிவசங்கர் என்று பெயர். வெளிநாட்டில் படித்தவர். நோயாளியை உட்காரவைத்துப் பேசுவார், சிரிப்பார். அதனாலேயே கூட்டம். அவர் அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைதான். திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளே சொல்வது முழுக்க வெளியே கேட்கும்.

"பீடி, சிகரெட்?"

"எப்பனா ஒண்ணுங்க."

"குடிப் பழக்கம் இருக்கா?"

சுப்புராயன் சட்டைக் கையை இழுத்துக் கயிற்றை மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். மாடு வாசலில் வந்து நிற்கும்போது பார்க்குமே, அந்தப் பார்வை.

"அந்த நாத்தமே ஆவாதுங்க அவருக்கு," என்றாள் பச்சையம்மாள். "கண்ணாலம் ஆன நாள்லேருந்து தொட்டதில்ல."

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பெரிய விஷயம்மா. இந்தப் பக்கத்துல இந்த பதில நான் கேட்டதே இல்ல." மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். எழுந்தவர்களை மறுபடி உட்காரச் சொன்னார். "ஐயா மாதிரி கட்டுப்பாடா இருக்கறவங்களுக்குத்தான் இத சொல்ல முடியும். வேற யார்கிட்டயும் சொன்னா தப்பாப் போயிடும். நான் படிச்ச ஊர்ல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. தினமும் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் எடுத்துக்கறவங்களுக்கு மாரடைப்பு கம்மியா வருதாம். நல்ல கொழுப்பு ஏறுது, ரத்தம் கட்டாம ஓடுது. திராட்சைச் சாறுதான்மா, பயப்படாதீங்க. அளவு முக்கியம். அவ்ளோதான்."

அவள் சொன்ன பொய்க்கு அது பரிசு. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மருந்து அவளுக்குக் கிடைத்தே இருக்காது.

டாக்டர் சொன்ன ஊர்களில் அப்படிக் குடிக்கிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். மேசை விரிப்பு, ரொட்டி, பேச்சு, நடுவில் கொஞ்சம் ஒயின். பிறகு ஆற்றங்கரையோரம் நடந்துவிட்டு வருவார்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வரும், நெஞ்சு வலித்தால் வண்டி வரும். அவர்கள் நெஞ்சு நன்றாக இருப்பதற்கு ஒயின் காரணமா, அந்த மத்தியானங்கள் காரணமா என்று ஆராய்ந்தவர்களுக்கே தெரிந்ததோ என்னவோ. அவர்கள் யார் மணிக்கட்டிலும் கருப்புக் கயிறு இருந்திருக்காது. அது மட்டும் நிச்சயம்.

பஸ்ஸில் சுப்புராயன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டரே சொல்லிட்டாரு."

"நானும் கேட்டுக்கினுதான இருந்தேன்."

"எனக்கு ஒண்ணும் ஆச இல்ல புள்ள. நெஞ்சுக்குன்றாரு, அதுக்குத்தான்."

மறுநாள் அவள் பூமாலையிடம் போனாள். பூசாரி வேலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அவன் குடிச்சவன்னு டாக்டர்கிட்ட நீ சொல்லலியே?" என்றார்.

"சொல்லலீங்க. தொட்டதே இல்லன்னுட்டேன்."

"நல்லா சொன்ன. கயிறு கெட்டியா இருக்குது."

"அந்த ஒயினு?"

பூமாலை எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சாராயம் வுட்டேன்னான். கள்ளு வுட்டேன்னான். பிராந்தி வுட்டேன்னான். அன்னைக்கு ஒயினுன்னு யாரும் பேசல. டாக்டர் குடுத்தா அது மருந்துதான். ஒண்ணு மட்டும் பாத்துக்க. ஊத்தற கை உன் கையா இருக்கணும். அவன் கையில பாட்டில் போவக் கூடாது."

ஊற்றுகிற கை அவள் கையாயிற்று. எதில் ஊற்றுவது என்று யோசித்தபோது, அறிவுச்செல்வன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பித்தளைச் சங்கு நினைவுக்கு வந்தது. பரணிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். மருந்துக்கு அதைவிட நல்ல அளவு அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டில் பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. அந்தத் தடத்து பஸ்ஸில் பழனி கண்டக்டர். உள்ளூர்ப் பையன், அவளைப் பெரியம்மா என்பான். பஸ் நின்றதும் செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலைப் பெரிய உபகாரம் செய்கிறவன்போல் கொடுப்பான்.

"பெரியம்மா, பாண்டிச்சேரிக் கடக்காரன் கேக்கறான், எந்தப் பங்களாவுக்குடா இந்தச் சிவப்புத் தண்ணின்னு. கச்சிராயபாளையத்துல எங்க பெரியப்பா ஒருத்தரு தொர ஆயிட்டாருன்னேன்."

"கத்தாதடா. அரிஷ்டம்னு சொல்லு."

"அரிஷ்டமா? ஊருக்கே தமுக்கு அடிச்ச மாதிரி நாத்தம் வருது, அரிஷ்டமாம்!"

பாட்டிலை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். பொழுது சாய்ந்ததும் சங்கில் ஊற்றி, சோற்றுத் தட்டோடு கொண்டுவந்து வைப்பாள். முதல் நாள் சுப்புராயன் முகத்தைச் சுளித்தார்.

"துவர்க்குது. கசாயமாட்டம்."

"மருந்துன்னா அப்டித்தான். முழுங்குங்க."

அவர் முகம் சுளித்ததில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

மாசி, பங்குனி இரண்டும் நன்றாகவே போயின. அவர் வாய்க்கால் கரைமேல் நடந்தார். பசி எடுத்தது, தூக்கம் வந்தது. டாக்டர் ரத்தக்கொதிப்பு பார்த்துவிட்டு, "பாத்தீங்களா?" என்றார். பச்சையம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. குடிக்கு இத்தனை அழுத பெண் அந்த ஊரில் இல்லை. இப்போது அதே சாமானைச் சங்கில் அடக்கி, தன் கையால் அளந்து, புருஷன் நெஞ்சைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். சின்னப்பொண்ணு கேட்டபோது கூட, "கொஞ்சமா குடுத்தா விஷமும் மருந்துதான், டாக்டரே சொல்லிட்டாரு," என்று படித்தவள் மாதிரிப் பேசினாள்.

சித்திரையில் சுப்புராயன் பொழுது சாயும் முன்பே அடுப்படிப் பக்கம் வர ஆரம்பித்தார். எதையோ தேடுவதுபோல் வருவார். அரிசி டின்மேல் உட்கார்ந்துகொண்டு கரும்புக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசுவார். சங்கைக் குடித்துவிட்டு உள்பக்கம் விரலால் வழித்து நக்குவார். ஒருநாள் தட்டைத் தள்ளினார்.

"இது இன்னா, கொறையா ஊத்தியிருக்க?"

"வெளிம்பு வரைக்கும் இருக்குது, கண்ணத் தொறந்து பாருங்க."

"டாக்டர் கிளாஸுன்னாரா, சங்குன்னாரா? பால்குடிப் புள்ளையா நானு?"

"எந்தக் கிளாஸுன்னு அவரு சொல்லலியே."

"அப்ப கேட்டுட்டு வருவோம் வா."

கேட்கவே போனார்கள். டாக்டர் சிரித்துவிட்டார். காற்றில் ஒரு கையை வளைத்து, நீண்ட காம்பும் அகன்ற வாயும் உள்ள ஒரு கண்ணாடிக் கிளாஸைக் காட்டினார். "இவ்ளோ பெரிய கிளாஸ்ல, இவ்ளோ உயரம். அதிகம் இல்ல." அப்படி ஒரு கிளாஸை அவள் பார்த்ததில்லை. அவர் விரல்களுக்கு நடுவில் இருந்த வெறும் காற்றை அவள் உற்றுப் பார்த்தாள். சுப்புராயனும் பார்த்தார். அவர் பார்வையில் அது ஒரு முழு டம்ளர்.

அப்போது அவள் சொல்லியிருக்கலாம். வாய் கூடத் திறந்தது. ஐயா, இந்த மனுஷன் ஒரு காலத்துல... அவ்வளவு வார்த்தையும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சுப்புராயன் மெல்லச் சட்டைக் கையை மேலே தள்ளிக் கயிற்றை அவளுக்குக் காட்டினார். தை மாதம் இதே அறையில் இழுத்து மூடியவர்தான். இப்போது காட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சங்கு பரணுக்குப் போயிற்று, டம்ளர் வந்தது. வாரத்துக்கு ஒரு பாட்டில் என்று இருந்தது இரண்டாயிற்று. ஊற்றுகிற கை தன் கைதான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இதற்கிடையில் அறிவுச்செல்வன் பிளஸ் டூ முடித்து, கேட்ட படிப்புக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். ஊரில் அவன் வயதுப் பையன்கள் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அந்த வருஷம் தென்னாற்காடு முழுக்க ஒரே பேச்சு, அவர்கள் சாதிக்கு இருபது சதவிகித இட ஒதுக்கீடு. சுவரெல்லாம் அதுதான். சங்கத்துக் கூட்டத்துக்குப் போய் வந்து தட்டின் முன் உட்கார்ந்து அம்மாவுக்கு விளக்குவான்.

"நம்ம சனத்துல எத்தினி பேரு டாக்டரு, சொல்லு? எத்தினி பேரு ஆபீசரு? கரும்பு வெட்டறவன்தான் ஜாஸ்தி. இந்த தபா ரோட்ட மறிச்சாதான் மெட்ராஸுக்குக் காது கேக்கும்."

"மறிச்சுட்டு அடி வாங்கிக்கினு வராத."

"வாங்கனா வாங்கறோம். உனுக்கு நைனா பத்திரமா இருந்தா போதும்."

அவன் அப்பாவின் டம்ளரைப் பார்க்காமல்தான் சாப்பிடுவான். சின்ன வயதில் சாலையில் கிடந்தவரைச் சுற்றிக்கொண்டு போனவன் அல்லவா. பார்க்காமலிருக்க அவனுக்குத் தெரியும்.

புரட்டாசி பிறந்த கையோடு மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கமும் சின்னசேலம் பக்கமும் வண்டி ஓடவில்லை. பால் ஊற்றுகிறவன் வரவில்லை, செய்தித்தாள் வரவில்லை. எங்கோ சுட்டுவிட்டார்கள், எங்கோ வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள் என்று பேச்சு மட்டும் வந்தது. ஆம்பளைகள் எல்லாம் ரோட்டில். பழனியின் பஸ் விழுப்புரத்தோடு நின்றுபோயிருந்தது.

டின்னில் இருந்த கடைசி பாட்டில் முதல் நாளே தீர்ந்தது. இரண்டாம் நாள் சுப்புராயனுக்குக் கை நடுங்கியது. மூன்றாம் நாள் வேர்த்துக் கொட்டியது, பாயில் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

"மார அடைக்குது புள்ள."

அவள் மாரைத் தடவிவிட்டாள். மாத்திரை கொடுத்தாள். மாத்திரை வெளியே வந்துவிட்டது. மருந்து நின்றதும் நெஞ்சு திரும்பிவிட்டது என்று அவள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? இப்படித்தான் முன்பு கயிறு கட்டிய மாதமும் தூக்கிப்போட்டது. ஆனால் அதை ஆறு வருஷமாக வாயால் மட்டுமல்ல, மனத்தாலும் பேசாமலிருந்து பழகியிருந்தாள். மறக்கச் சொன்னதை மறந்தேவிட்டாள்.

டாக்டரிடம் போகச் சாலை இல்லை. சாலையில் மரமாகக் கிடந்தது. அதில் ஒன்றிரண்டு அவள் மகன் வெட்டியதாகவும் இருக்கும். சின்னப்பொண்ணு வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒயினு இல்லன்னா இன்னா அண்ணி, சாராயம் ஒரு சங்கு குடுத்துப் பாரு. எல்லாம் ஒரே தண்ணிதான? கொஞ்சமா குடுத்தா விஷமும் மருந்துன்னு நீதான சொன்ன."

அந்த வருஷம் அரசாங்கம் சாராயக் கடைகளை மூடியிருந்தது. மூடியதும் மலையடிவாரத்தில் சாராயம் பெருகிவிட்டது. எங்கே கிடைக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோமுகி அணையைத் தாண்டி நடந்தாள். முனியப்பன் கோயில் வழியில்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் போனாள். புருஷனைத் தேடி எத்தனையோ முறை நடந்த பாதை. வாங்குவதற்கென்று நடந்தது அன்று ஒருநாள்தான். சைக்கிள் டியூபில் கட்டிக் கொடுத்த சாராயத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். பரணிலிருந்து சங்கை எடுத்தாள். டம்ளரில் சாராயம் ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை.

ஒரு சங்கு குடித்ததும் சுப்புராயனுக்கு நடுக்கம் நின்றது. அவர் முகத்தில் ரத்தம் ஊறுவதைக் கண்ணால் பார்த்தாள். "சாமி," என்று கும்பிட்டாள். சங்கைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் டியூப் அவர் கையில் இருந்தது.

"குடுங்க இப்டி."

"உட்றீ."

ஆறு வருஷமாக வராத குரல் அது. அவள் நாக்கு தானாகப் போய்ப் பல் இல்லாத இடத்தைத் தொட்டது. விட்டுவிட்டாள்.

சாயங்காலம் அவர் எழுந்து சாலைக்குப் போனார். வெட்டிப் போட்ட புளியமரத்தின் மேல் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அறிவுச்செல்வன். சுப்புராயன் வேட்டி ஒரு பக்கம் துண்டு ஒரு பக்கமாக வந்து, மரத்தில் ஏறப் பார்த்து, சறுக்கி விழுந்தார். மறுபடி ஏறினார். "எனுக்கும் இருபது பர்சண்டு குடுடா!" என்று கத்தினார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே வரிசையில் ஓடியது. பின்னால் ஓடிவந்த பச்சையம்மாள் மகனுடைய முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை சுற்றிக்கொண்டு போக அவனுக்கு வழி இல்லை.

"போய்யா!" என்று அலறினான் அவன். "போய்யா குடிகாரா! நீ அன்னைக்கும் குடிகாரன், இன்னைக்கும் குடிகாரன்!"

ரோடு அடங்கிப்போயிற்று. கயிற்றின் சட்டம் அங்கே எல்லோருக்கும் தெரியும். சுப்புராயன் மெதுவாக வலது கையைத் தூக்கினார். பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்து மகன் காலடியில் போட்டார். அவ்வளவு போதையிலும் அது எவ்வளவு பெரிய விடுதலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"கேட்டுக்கினீங்களா எல்லாரும்? எம்புள்ளதான் அறுத்தான். நான் இல்ல."

பூமாலையும் அதையேதான் சொன்னார். வீட்டார் வாயால் வந்துவிட்டது, இனிமேல் முனியப்பனைக் கேட்டுப் பிரயோசனமில்லை. ஊரும் அதையே சொன்னது. ஆறு வருஷம் கட்டுப்பாடாக இருந்த மனுஷனைப் பெற்ற பிள்ளை நடு ரோட்டில் கெடுத்துவிட்டான். அறிவுச்செல்வன் போலீஸ் பிடித்த கும்பலோடு பிடிபட்டு, வெளியே வந்து, சின்னசேலத்தில் ஒரு நண்பன் வீட்டோடு இருந்துவிட்டான். ஊருக்கு வந்தால் யார் முகத்தில் விழிப்பது? சுப்புராயன் தினமும் அணையைத் தாண்டிச் சாராயத்துக்கு நடந்தார். ஒயினைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மருந்து.

சாலை திறந்து பல நாள் கழித்து, பச்சையம்மாள் தனியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். அதே திரை, அதே பெஞ்சுக் கூட்டம். டாக்டர், "ஐயா வரலியா?" என்றார்.

"வர்ற நெலமையில இல்லீங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்." உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். "இந்தப் பல்லு வழுக்கி வுழுந்து போனதில்லீங்க. அவரு குடிச்சுட்டு அடிச்சது. கயிறு கட்டி நிறுத்தினது. கயிறு கட்டினவன குடிச்சவன்னு சொல்லக் கூடாது எங்கூர்ல. அதான் அன்னைக்கு உங்ககிட்ட மறைச்சேன்."

சிரிக்கிற டாக்டர் சிரிக்கவில்லை. மறியல் நாட்களில் நடந்ததை முழுக்கக் கேட்டார். "அது நெஞ்சு இல்லம்மா. குடி நின்னதால வந்த நடுக்கம். ஆனா நீங்க குடுத்த டம்ளருக்கு இவ்ளோ ஆகாது. வேற எங்கயோ சேர்த்துக் குடிச்சிருக்காரு." பேனாவை மூடி வைத்தார். "அவர மாதிரி குடிச்சு விட்டவங்களுக்கு அளவுன்னு ஒண்ணு கெடையாதும்மா. ஒரு சொட்டும் கூடாது. அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒயின் பேச்சே எடுத்திருக்க மாட்டேனே. நீங்க மறைச்சா நாங்க என்ன பண்ண முடியும்?"

அவர் சொன்னது நியாயம். பூமாலை சொன்னதும் நியாயம். எல்லோர் நியாயமும் சேர்ந்து அவள் வீட்டில் வந்து படுத்திருந்தது.

அவள் எழுந்து திரையை விலக்கும்போது அடுத்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், கூட மனைவி. வெளியே வந்து பெஞ்சு ஓரமாக நின்று கூடையை எடுத்தாள். உள்ளே பேச்சு கேட்டது.

"பீடி, சிகரெட்?"

"இல்லீங்க."

"குடிப் பழக்கம் உண்டா?"

அந்தப் பெண்ணின் குரல்தான் வந்தது. "அய்ய, அதெல்லாம் பழக்கமே இல்லீங்க அவருக்கு."

பச்சையம்மாள் திரையைப் பிடித்து இழுத்தாள். வளையங்கள் கம்பியில் கீறிக்கொண்டு போயின. அந்த ஆள் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்றாங்க. கைய தூக்கிப் பாருங்க. கயிறு இருக்கும். குடிச்சவருதான் அவரு."

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துப்போயிற்று. புருஷனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நான் சொல்லலியே! நான் சொல்லலியே! யாருடி நீ? எங்குடியக் கெடுக்க எங்கேர்ந்துடி வந்த? நீ நல்லா இருப்பியா? உன் தாலி நெலைக்குமா?"

"நெலைச்சுக்கினுதான் இருக்குது," என்றாள் பச்சையம்மாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பிடித்து வெளியே தள்ளாத குறை. டாக்டர் ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. மாடிப்படி இறங்கும்வரை அந்தப் பெண் மண்ணை வாரித் தூற்றுகிற குரல் பின்னாலேயே வந்தது.

பஸ் நிலையத்தில் பழனியின் வண்டி நின்றது. அவளைப் பார்த்ததும் குஷியாகி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பாட்டில்களை எடுத்தான். ஒன்றல்ல, நாலு.

"வா பெரியம்மா. மறியல்ல தேங்கினதெல்லாம் சேத்துக் கொண்டாந்துட்டேன். உனுக்கு ரெண்டு. இது பெரியப்பா தனியா சொன்ன ரெண்டு."

"தனியாவா?"

"சித்திரையிலேர்ந்தே சொல்லிக்கினுதான இருக்காரு. மோட்டார் கொட்டாயாண்ட வெச்சுட்டுப் போவேன். உனுக்குத் தெரியும்னுதான்..." பழனி நிறுத்தினான். "தெரியாதா?"

அவள் நாலையும் வாங்கவில்லை.

"எடுத்துக்கினு போ பெரியம்மா. நெஞ்சுக்கு நல்லதுன்னாரே டாக்டரு?"

"அவரு இப்ப ஒயினு குடிக்கறதில்லடா," என்றாள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "டிக்கெட்டக் கிழி."